எட்டு மாதக் குழந்தை வாயே திறக்க மாட்டேன் என்கிறது: என்ன செய்யலாம்?

கேள்வி இதுதான். நாமக்கல் பக்கத்திலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். பெண் குழந்தை, எட்டு மாதம் முடிந்துவிட்டது. நிறைமாதத்தில் பிறந்தது, ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான். அப்புறம் கேழ்வரகுக் கூழில் ஆரம்பித்தார்கள். முதல் வாரம் இரண்டு மூன்று ஸ்பூன் சப்புக்கொட்டிச் சாப்பிட்டது. பிறகு கிண்ணத்தைப் பார்த்தாலே முகத்தைத் திருப்புகிறது, உதட்டை இறுக்கிக்கொள்கிறது, உள்ளே போனதையும் நாக்கால் தள்ளிவிடுகிறது. மாமியார் காலை நீட்டி அதில் படுக்கப் போட்டு, சங்கில் ஊற்றிப் பார்த்தார். வாந்தி வந்ததுதான் மிச்சம். செல்போனில் பாட்டு ஓடினால் நாலு வாய் போகிறது. பகலில் கிட்டத்தட்ட மணிக்கொரு தரம் பால் குடிக்கிறது. எடை ஆறாம் மாதம் 6.9 கிலோ, இப்போது 7.4. நாத்தனார் குழந்தைக்கும் இதே வயது, அது ஒரு கிண்ணம் சாப்பிடுகிறதாம். "என் பிள்ளைக்கு என்ன குறை? பசி டானிக் கொடுக்கலாமா? தொக்கம் எடுக்கச் சொல்கிறார்கள், போகலாமா?"

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில்தான் ஆபத்து. தொக்கம் எடுக்கப் போகாதீர்கள், அதாவது வயிற்றில் உணவு சிக்கிக்கொண்டது என்று சொல்லி அதை வெளியே எடுப்பதாகக் காட்டுபவரிடம் போகாதீர்கள். வயிற்றுக்குள் போன உணவு சில மணி நேரத்தில் குடலுக்கு இறங்கிவிடும். வாரக்கணக்கில் எங்கேயோ சிக்கிக்கொண்டு கிடந்து பசியைத் தடுப்பதில்லை. குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துக் காட்டும் சோற்றுப் பருக்கையும் முடியும் உங்கள் குழந்தையின் வயிற்றிலிருந்து வந்தவை அல்ல. வயிற்றை அழுத்துவது, தொண்டையில் விரல் விடுவது, தலைகீழாகப் பிடித்துத் தட்டுவது எல்லாம் இந்த வயதில் காயத்தில் முடியலாம். சரியாகிவிட்டது என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. சளி பிடித்தோ பல் முளைத்தோ சாப்பிடாமல் இருந்த குழந்தை நாலு நாளில் தானாகத் தேறும், பெயர் தொக்கம் எடுத்தவருக்குப் போகும்.

பசி டானிக்கும் வேண்டாம். அந்தப் பெயரில் கிடைக்கும் மருந்துகள் பலவற்றில் இருப்பது சைப்ரோஹெப்டடின். அது ஒவ்வாமைக்கான மருந்து, தூக்கம் வரவைக்கும். பசி கூடுவது அதன் பக்க விளைவு. இரண்டு வயதுக்குக் கீழ் அதைக் கொடுக்கக் கூடாது. கடைக்காரர் எடுத்துத் தந்தார் என்பதற்காக வாங்கி வராதீர்கள்.

அடுத்தது எடை. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் எட்டு மாதப் பெண் குழந்தைக்கு நடு அளவு 7.9 கிலோ. 6.3 கிலோவுக்குக் கீழே போனால்தான் எடை குறைவு என்று கணக்கு. உங்கள் குழந்தை 7.4, ஆக நல்லபடியாகவே இருக்கிறது. இரண்டு மாதத்தில் அரைக் கிலோ ஏறியிருப்பதும் இந்த வயதுக்கு ஏற்றதுதான். முதல் மூன்று மாதங்களில் மாதம் முக்கால் கிலோவுக்கு மேல் ஏறிய குழந்தை இப்போது மாதம் 250, 300 கிராம்தான் ஏறும். அந்தப் பழைய வேகத்தை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் எல்லாக் குழந்தையும் இளைத்த மாதிரிதான் தெரியும். நாத்தனார் குழந்தையின் கிண்ணத்தில் என்ன இருக்கிறது, அதில் எவ்வளவு தண்ணீர் என்று தெரியாமல் ஒப்பிடவும் வேண்டாம்.

ஆக, உங்கள் குழந்தை நோயாளி என்று நினைக்க நீங்கள் சொன்னதில் ஒன்றுமில்லை. அப்படியானால் ஏன் சாப்பிடவில்லை? பசி எடுக்க இடம் கொடுக்கவில்லை, சாப்பாடு என்றாலே சண்டை என்று அது கற்றுக்கொண்டுவிட்டது, கொடுப்பதும் இரண்டு மாதமாக ஒரே கொழகொழப்பு. இந்த மூன்றும் கலந்திருக்கிறது என்பது என் கணிப்பு. மூன்றில் சண்டைதான் பெரிய காரணம், சரிசெய்யக் கடினமானதும் அதுதான். ஏனென்றால் மாற வேண்டியது குழந்தை இல்லை, பெரியவர்கள்.

பசியை முதலில் பார்ப்போம். மணிக்கொரு தரம் பால் குடிக்கும் குழந்தைக்குக் கிண்ணம் வரும்போது வயிறு ஒருபோதும் காலியாக இருக்காது. தாய்ப்பாலைக் குறைக்கச் சொல்லவில்லை, இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம். நேரத்தைத்தான் மாற்றச் சொல்கிறேன். கடைசியாகப் பால் குடித்து ஒன்றரை இரண்டு மணி நேரம் ஆகி, தூங்கி எழுந்து, முகம் தெளிவாக இருக்கும் நேரத்தில் சாப்பாட்டை வையுங்கள். அது முடிந்ததும் பால் கொடுங்கள். அழுகிற அழுகைக்கெல்லாம் பால் கொடுத்துப் பழகியிருந்தால், சில அழுகைக்குத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாலே போதும் என்பது இரண்டு மூன்று நாளில் உங்களுக்கே தெரிந்துவிடும். ரொம்பப் பசித்து வீறிட்டு அழும் வரை காத்திருக்காதீர்கள். அந்த நிலையில் எந்தக் குழந்தையும் புதிதாக ஒன்றைச் சாப்பிடாது, பால்தான் கேட்கும். இரவுப் பாலை இப்போதே நிறுத்த வேண்டிய அவசியமும் இல்லை.

எவ்வளவு சாப்பிட வேண்டும் என்ற கணக்கைத் தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மேல் உணவிலிருந்து தேவைப்படுவது நாளைக்கு 200 கலோரி அளவுதான். ஒன்பது முதல் பதினொரு மாதத்தில் 300. ஒரு வயதுக்கு மேல்தான் 550 ஆகிறது. 200 கலோரி என்றால் ஒரு முட்டையும், நூறு கிராம் பருப்புச் சாதமும், அதில் விடும் சின்ன ஸ்பூன் நெய்யும் சேர்ந்தாலே தாண்டிவிடும். இதை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்தால் ஒரு வேளைக்கு வருவது உங்கள் உள்ளங்கையில் அடங்கும் அளவு. பெரிய கிண்ணத்தை நிரப்பி வைத்துக்கொண்டு, அது காலியாகவில்லையே என்று அழுகிறோம்.

இன்னொரு பக்கம், தண்ணீர்க் கஞ்சியால் இந்தக் கணக்கு ஒருபோதும் வராது. ஒரு மேசைக்கரண்டி கேழ்வரகு மாவை ஒரு டம்ளர் தண்ணீரில் காய்ச்சினால் அந்த டம்ளர் முழுவதிலும் சுமார் 30 கலோரிதான். தாய்ப்பாலில் ஒரு டம்ளருக்கு அதைவிட நாலு மடங்கு இருக்கிறது. குழந்தையின் வயிறு அதன் எடையில் கிலோவுக்கு 30 மில்லி கொள்ளும் என்பார்கள். உங்கள் குழந்தைக்கு 220 மில்லி. அந்த இடத்தைத் தண்ணீரால் நிரப்பினால் பாலுக்கும் இடமில்லை, சத்துக்கும் இடமில்லை. ஸ்பூனைச் சாய்த்தால் ஒழுகாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம். கெட்டியானால் விழுங்கக் கஷ்டப்படுகிறது என்றால் நம் பாட்டிகளின் முளைகட்டல் கைகொடுக்கும். முளைகட்டிக் காயவைத்து அரைத்த கேழ்வரகு மாவில் ஒரு டீஸ்பூன் எடுத்து, கெட்டியாகக் கிண்டிய சூடான கூழில் கலந்து சில நிமிடம் வைத்தால் தண்ணீர் சேர்க்காமலே கூழ் இளகிவிடும். முளைக்கும்போது தானியத்தில் உண்டாகும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைப்பதால் வரும் இளக்கம் அது. பிறகு ஒரு கொதி விட்டு இறக்கி, ஆறவைத்துக் கொடுங்கள்.

இனி சண்டை. சங்கில் ஊற்றுவதை இன்றோடு நிறுத்த வேண்டும். படுத்திருக்கும் குழந்தை அழுவதற்காக மூச்சை இழுக்கும் அந்த நொடியில் ஊற்றினால் கூழ் நுரையீரலுக்குப் போகலாம். ஆபத்து அதோடு நிற்பதில்லை. தன் விருப்பமில்லாமல் தொண்டைக்குள் ஒன்று இறங்கிய அனுபவம் நாலைந்து முறை ஆனாலே, ஸ்பூன், கிண்ணம், துண்டு எதைக் கண்டாலும் குழந்தை வாயை மூடிக்கொள்ளும். நீங்கள் சொல்லும் உதடு இறுக்கல் அதுவாகத்தான் இருக்கும். ருசி பிடிக்காத குழந்தை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு முகம் சுளிக்கும். பயந்த குழந்தை கிண்ணம் தூரத்தில் வரும்போதே திரும்பிக்கொள்ளும்.

வாயைத் திறப்பதும் மூடுவதும் குழந்தையின் வேலை என்று விட்டுவிட்டால் பட்டினி கிடந்துவிடாதா? இந்தச் சந்தேகம் எல்லோருக்கும் வரும். அமெரிக்காவில் கிளாரா டேவிஸ் என்ற குழந்தை மருத்துவர் 1926-ல் தொடங்கிச் சில ஆண்டுகள் இதைச் சோதித்துப் பார்த்தார். பால் மட்டுமே குடித்துக்கொண்டிருந்த 15 குழந்தைகள். தட்டில் பல வகை எளிய உணவுகள். பக்கத்தில் ஸ்பூனோடு ஒரு செவிலியர். குழந்தை கை நீட்டினாலோ சுட்டிக்காட்டினாலோ மட்டும் அந்த உணவை எடுத்து நீட்ட வேண்டும், வாயைத் திறந்தால் மட்டும் ஊட்ட வேண்டும். சாப்பிடு என்றும் சொல்லக் கூடாது, போதும் என்றும் சொல்லக் கூடாது. ஒரு குழந்தை காலையில் ஆரஞ்சுச் சாறும் ஈரலும், ராத்திரி முட்டைகளும் வாழைப்பழமும் பாலும் என்று சாப்பிட்டதாக 1939-ல் வெளியான அறிக்கையில் எழுதினார். ரிக்கெட்ஸ் என்ற, எலும்பு வலுவிழக்கும் நோயோடு வந்த ஒரு குழந்தை, தட்டில் வைத்திருந்த மீன் எண்ணெயைத் தானாகவே விட்டுவிட்டுக் குடித்தது, நோய் தீர்ந்ததும் நிறுத்திக்கொண்டது. எல்லாக் குழந்தைகளும் நன்றாக வளர்ந்தன. குழந்தைகளை வீட்டைவிட்டுப் பிரித்துவைத்துச் செய்த சோதனை அது, இன்று யாரும் அனுமதிக்க மாட்டார்கள். சூட்சுமம் உணவுப் பட்டியலில்தான் இருக்கிறது என்று டேவிஸே சொன்னார்: சர்க்கரையோ பலகாரமோ அதில் இல்லை. நல்ல உணவு மட்டும் கண்ணெதிரே இருந்தால், எவ்வளவு வேண்டும் என்று குழந்தைக்குத் தெரியும். என்ன சாப்பாடு, எப்போது, எங்கே என்பது உங்கள் பொறுப்பு. எவ்வளவு, அல்லது வேண்டவே வேண்டாமா என்பது அதன் முடிவு. இன்று குழந்தை உணவு பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் இந்த எல்லையைத்தான் சொல்கிறார்கள்.

ஊட்டும் முறையைக் கிட்ட நின்று பார்ப்பதுபோல் சொல்கிறேன், ஏனென்றால் பாதிச் சிக்கல் ஸ்பூன் பிடிக்கும் கையில் இருக்கிறது. குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். உயர நாற்காலி இல்லாவிட்டால் பரவாயில்லை, பாயில் தலையணை அணைத்து உட்காரவைக்கலாம், அல்லது ஒருவர் மடியில் முதுகைத் தாங்கி வைத்துக்கொள்ள, இன்னொருவர் எதிரே உட்காரலாம். ஸ்பூன் நுனியில் மட்டும் கொஞ்சம் எடுத்து, குழந்தையின் கண்ணுக்கு நேரே, ஒரு சாண் தூரத்தில் நிறுத்துங்கள். அது ஸ்பூனைப் பார்க்கட்டும். முன்னால் சாய்ந்தாலோ வாய் திறந்தாலோ கீழ் உதட்டில் வையுங்கள், உள்ளே திணிக்க வேண்டாம். மேல் உதடு இறங்கி வந்து தானே வழித்துக்கொள்ளும். நம்மில் பலர் ஸ்பூனை உள்ளே விட்டு மேல் ஈறில் தேய்த்து வழித்துவிட்டு எடுப்போம். அப்படிச் செய்தால் குழந்தையின் உதட்டுக்கு வேலையே இல்லை, கூழ் மேலண்ணத்தில் ஒட்டிக் குமட்டும். கையால் ஊட்டுவது இன்னும் நல்லது. சூடும் பதமும் விரலுக்குத் தெரியும். சோப்புப் போட்டுக் கழுவிய கை, ஒட்ட வெட்டிய நகம், அவ்வளவுதான் நிபந்தனை.

அதன் கையில் ஒரு ஸ்பூன் கொடுங்கள். கிண்ணத்தில் கைவிடட்டும். தலையில் பூசிக்கொள்ளும், பாயில் தட்டும், விடுங்கள். குளிக்கவைக்கும் நேரத்துக்கு முன்னால் சாப்பாட்டை வைத்துக்கொண்டால் உங்களுக்கு எரிச்சல் வராது. பதினைந்து இருபது நிமிடம் போதும். முகம் திருப்பினால் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் பேசிக்கொண்டிருங்கள், இன்னொரு தரம் நீட்டுங்கள். மறுபடி திரும்பினால் முடிந்தது, கிண்ணத்தை எடுத்துவிடலாம். முகத்தில் கோபமும் வேண்டாம், ஏமாற்றமும் வேண்டாம். "இதை மட்டும், கடைசி வாய்" என்பதும் வற்புறுத்தல்தான்.

முதல் வாரம் இதைவிடக் குறைவாகவே செய்யுங்கள். ஊட்டவே வேண்டாம். நீங்கள் சாப்பிடும்போது பக்கத்தில் உட்காரவைத்து, அதற்கென்று ஒரு தட்டில் வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கு, இட்லித் துண்டு, நன்றாகப் பழுத்த வாழைப்பழம் என்று வைத்துவிட்டு நீங்கள் பாட்டுக்குச் சாப்பிடுங்கள். ஒன்றும் சாப்பிடாவிட்டாலும் பரவாயில்லை. கிண்ணத்தைப் பார்த்து அழும் பழக்கம் போவதுதான் அந்த வாரத்தின் வேலை. எடை நன்றாக இருப்பதால்தான் இந்த ஒரு வாரத்தைத் துணிந்து சொல்கிறேன்.

செல்போனைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. திரையைப் பார்த்துக்கொண்டு வாய் திறக்கும் குழந்தைக்குத் தான் சாப்பிடுவதே தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது. இப்போது நாலு வாய்க்காகக் கொடுத்தால் மூன்று வயதில் பள்ளிக்குப் போகும் முன் அதே போனைத் தேடி அழுவீர்கள் இருவரும். காக்கா, குருவி, நிலா காட்டிப் பேசுவது வேறு, அதில் பேச்சும் உறவும் இருக்கிறது. ஆனால் அது அண்ணாந்து பார்க்கும் சமயம் பார்த்து ஒரு வாய் திணிப்பதற்காக வேண்டாம்.

எந்த உணவு என்று கேட்டால் நான் முதலில் பேசுவது இரும்புச்சத்தைத்தான். பிறக்கும்போது கொண்டுவந்த இரும்புச் சேமிப்பு ஆறு மாதத்தோடு ஏறக்குறைய தீர்ந்துவிடும். தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு, லிட்டருக்கு அரை மில்லிகிராம்கூடத் தேறாது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 2019-21-ல் தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. இதில் ஒரு விஷவட்டம் உண்டு: இரும்பு குறைந்தால் பசி குறையும், பசி குறைந்தால் இரும்பு இன்னும் குறையும். அரசுத் திட்டத்தில் ஆறு மாதத்திலிருந்து வாரம் இரண்டு நாள் ஒரு மில்லி இரும்புச்சத்து சிரப் இலவசமாகக் கொடுக்கிறார்கள். கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். பசி டானிக்குக்குக் கொடுக்க நினைத்த பணம் மிச்சம்.

கேழ்வரகு நல்ல உணவு, சந்தேகமில்லை. ஆனால் அதன் பெருமை சுண்ணாம்புச்சத்தில், நூறு கிராமில் 360 மில்லிகிராமுக்கு மேல். இரும்பு அதில் இருந்தாலும், கூடவே இருக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் அதை உடம்பு எடுத்துக்கொள்ளவிடாமல் பிடித்துவைக்கும். முளைகட்டினால் அது ஓரளவு குறையும். எனவே "கேழ்வரகு கொடுக்கிறேனே, ரத்தம் ஊறிவிடும்" என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. அசைவம் சாப்பிடும் வீடு என்றால் முள் நீக்கிய மீன், நன்றாக வெந்த கோழிக்கறியை இழைஇழையாகப் பிய்த்து மசித்தது, வாரம் ஒருநாள் ஒரு சின்னத் துண்டு ஈரல், இதெல்லாம் இப்போதே கொடுக்கலாம். ஒரு வயது ஆகட்டும் என்று காத்திருக்க எந்தக் காரணமும் இல்லை. முட்டை மஞ்சள் கரு மட்டும்தான், வெள்ளை கூடாது என்பதும் பழைய பேச்சு. நன்றாக வேகவைத்த முழு முட்டையே கொடுக்கலாம். நாமக்கல்லில் இருந்துகொண்டு முட்டைக்கு யோசிக்கலாமா! சைவ வீடு என்றால் பருப்பு, பாசிப்பயறு, கொண்டைக்கடலையைத் தோல் நீக்கி மசித்தது, கீரை. கூடவே எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டோ, தக்காளியோ, பழுத்த கொய்யா மசியலோ சேரட்டும். அதில் உள்ள வைட்டமின் சி, பயறிலும் கீரையிலும் உள்ள இரும்பை உடம்பில் சேர்க்கும்.

நிலக்கடலையையும் தள்ளிப்போட வேண்டாம். ஒவ்வாமைக்குப் பயந்து தாமதிப்பதுதான் முன்பு வழக்கம். லண்டனில் 640 குழந்தைகளை வைத்துச் செய்து 2015-ல் வெளியான ஆய்வு அதைத் தலைகீழாக்கிவிட்டது. சீக்கிரமே நிலக்கடலை சாப்பிட்ட குழந்தைகளுக்குப் பின்னால் கடலை ஒவ்வாமை வருவது வெகுவாகக் குறைந்தது. ஆனால் கடலையாக அல்ல, வறுத்து நைசாக அரைத்துக் கூழிலோ சாதத்திலோ கலந்து, முதல் நாள் கால் ஸ்பூன். குழந்தைக்குக் கரப்பான் என்னும் தோல் அரிப்பு நோய் கடுமையாக இருந்தாலோ முட்டை ஒத்துக்கொள்ளாமல் இருந்தாலோ மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். இருபது சாமான் போட்டு அரைத்த சத்துமாவில் நேரடியாக ஆரம்பித்தால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்கவே முடியாது. அதில் உள்ளதைத் தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்த பிறகு மாவுக்குப் போகலாம். தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது, நாக்கில் தடவுவதற்குக்கூட. அதில் இருக்கக்கூடிய கிருமி இந்த வயதில் நரம்பையே முடக்கும் நச்சை உண்டாக்கலாம். பசும்பாலும் ஒரு வயது வரை குடிக்கக் கொடுக்க வேண்டாம். சமையலில் கொஞ்சம் சேர்ந்தால் தவறில்லை. உப்பு, சர்க்கரை, வெல்லம் எதுவும் இப்போது தேவையில்லை. "உப்பில்லாமல் எப்படிச் சாப்பிடும்" என்பது நம் நாக்கு கேட்கிற கேள்வி. சீரகம், கறிவேப்பிலை, துளி பூண்டு, பெருங்காயம் வாசனைக்குத் தாராளமாகச் சேர்க்கலாம். தாய்ப்பாலிலேயே உங்கள் வீட்டுச் சமையல் வாசனை அதற்குப் பழக்கம்தான்.

அடுத்து மிக்ஸி. எட்டு மாதத்தில் எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்துக் கொடுப்பதுதான் இன்று நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு என்று நினைக்கிறேன். மெல்லவும், நாக்கால் உணவை ஓரத்துக்கு நகர்த்தவும் கற்றுக்கொள்ளும் பருவம் இது. பல் இல்லாவிட்டாலும் ஈறு போதும். இங்கிலாந்தில் பிரிஸ்டல் பகுதியில் 1991, 92-ல் பிறந்த ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வில், ஒன்பது பத்து மாதத்துக்குப் பிறகே கட்டிதட்டிய உணவைப் பார்த்த குழந்தைகளுக்குச் சாப்பாட்டுப் பிரச்சினைகள் அதிகம் இருந்தன. ஏழு வயதிலும் காய்கறி, பழம் குறைவாகச் சாப்பிட்டன. உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. மத்தாலோ கரண்டியின் பின்பக்கத்தாலோ மசித்து, ஒரு வாரம் நைசாக, அடுத்த வாரம் பருக்கை தெரிய, அப்புறம் விரலால் நசுக்கினால் நசுங்கும் துண்டுகளாக மாறிக்கொண்டே வாருங்கள். கூழைத் துப்பும் குழந்தை, கையில் கொடுத்த இட்லித் துண்டைச் சப்பிச் சப்பித் தீர்த்துவிடுவது உண்டு.

குமட்டும், பயப்படாதீர்கள். இந்த வயதில் குமட்டல் உணர்வு நாக்கின் முன்பகுதியிலேயே தூண்டப்படும். உணவு தொண்டையை நெருங்கும் முன்பே தள்ளிவிடும் பாதுகாப்பு ஏற்பாடு அது. முகம் சிவக்கும், சத்தம் வரும், இருமும், துப்பிவிட்டு மறுபடி சாப்பிடும். மூச்சு அடைத்துக்கொள்வது வேறு: சத்தம் வராது, இருமல் வராது, உதடு நீலமாகும். அப்போது குழந்தையை முன்கையில் குப்புறப் போட்டு, தலை கீழாகச் சாய்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் ஐந்து தட்டு. வராவிட்டால் மல்லாக்கத் திருப்பி, மார்பின் நடுவில் இரண்டு விரலால் ஐந்து அழுத்தம். மாறி மாறிச் செய்துகொண்டே 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவக் கூடாது. வீட்டில் எல்லோரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். முழுக் கடலை, முழுத் திராட்சை, பச்சைக் கேரட், முறுக்கு, பாப்கார்ன் இவை குழந்தை கைக்கு எட்டவே கூடாது.

ஒரு உணவைத் துப்பியது என்பதற்காகப் பட்டியலிலிருந்து அடித்துவிடாதீர்கள். 2007-ல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வில், ஏழு மாதக் குழந்தைகளுக்குப் பிடிக்கவே பிடிக்காது என்று அம்மாக்கள் சொன்ன காய்கறி மசியலையே ஒருநாள் விட்டு ஒருநாள் எட்டு முறை கொடுத்தார்கள். பத்தில் ஏழு குழந்தைகளுக்கு மேல் கடைசியில் அதை விரும்பிச் சாப்பிட்டன. நம் வீடுகளில் மூன்றாவது தடவையே "கீரை இதுக்கு ஆகாது" என்று முடிவு கட்டிவிடுகிறோம். முகம் சுளிப்பதும் மறுப்பு அல்ல, புது ருசிக்கு வரும் முகபாவம். அடுத்த ஸ்பூனுக்கு வாய் திறக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

மாமியாரோடு இதை எப்படிப் பேசுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். "நீங்கள் செய்வது தப்பு" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அவர்கள் காலத்தில் ஊட்டிய குழந்தைகள் வளர்ந்து நிற்கிறார்கள், அதை மறுக்க முடியாது. "அத்தை, வாந்தி எடுத்ததைப் பார்த்து டாக்டர் பத்து நாள் ஊற்ற வேண்டாம் என்றார்" என்று சொல்லி, மாற்றாக ஒரு பொறுப்பைக் கொடுங்கள். பருப்புச் சாதம் மசிப்பதும், மடியில் வைத்துக்கொண்டு அவர் சாப்பிடுவதும் நல்ல ஏற்பாடு. பாட்டி தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடத்தான் பேத்திக்கு ஆசை இருக்கும். உங்கள் கணவரும் ஒருவேளை ஊட்டட்டும். அம்மா மடியில் பால் வாசனையில் சாப்பிடாத குழந்தை, அப்பா கையில் சாப்பிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இவ்வளவும் செய்து மூன்று நாலு வாரம் ஆகியும் ஒரு ஸ்பூனுக்கு மேல் போகவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். சில அறிகுறிகளுக்கு அவ்வளவு நாளும் காத்திருக்கக் கூடாது: எடை நின்றுவிட்டது அல்லது இறங்குகிறது, விழுங்கும் ஒவ்வொரு முறையும் இருமல், தொண்டையில் களகள சத்தம், பால் குடிக்கும்போதே வேர்த்து மூச்சு வாங்குகிறது, ஓயாத வாந்தி, மலத்தில் ரத்தம், பாலையும் மறுக்கிறது, கழுத்து நிற்கவில்லை, அணைத்துவைத்தாலும் உட்காரவில்லை. சாதாரணச் சளி, காதுவலி, வாய்ப்புண், நாக்கில் வெள்ளைப் படலம், பல் முளைப்பு இவற்றாலும் சில நாள் மறுக்கும். அது தீர்ந்ததும் பசி திரும்பும், அப்போது ஒருவேளை கூடுதலாகக் கொடுத்தால் போதும்.

நீங்கள் பிறந்ததிலிருந்தே சைவம், பாலும் தயிரும்கூட அதிகம் சேர்ப்பதில்லை என்றால் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு வைட்டமின் பி12 குறைந்தால் பாலிலும் குறையும். அந்தக் குழந்தைகள் பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும், ஆனால் வெளிறிப்போய், கைவிரல் முட்டிகள் கருத்து, முடி செம்பட்டையாகி, சிரிப்பு குறைந்து மந்தமாகிவிடும். இணை உணவை அறவே மறுப்பதும் அதன் அடையாளங்களில் ஒன்று. முன்பு செய்ததை, தவழ்வதையோ முகம் பார்த்துச் சிரிப்பதையோ, விட்டுவிட்டது என்றால் ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். மருந்து எளிது, தாமதித்தால் இழப்பு பெரிது.

ஒன்பதாம் மாதம் முடிந்ததும் தட்டம்மை ரூபெல்லா ஊசிக்குப் போவீர்கள். அப்போது தாய் சேய் நல அட்டையை எடுத்துப் போய் எடையைக் கோட்டில் குறிக்கச் சொல்லுங்கள், ஹீமோகுளோபின் அளவும் பார்க்கச் சொல்லுங்கள். 11-க்குக் கீழே இருந்தால், வாரம் இரண்டு நாள் சிரப் போதாது, தினமும் எவ்வளவு என்று மருத்துவர் எடை பார்த்துச் சொல்வார். ஊசி போட்ட பிறகு சில நாள் சாப்பாடு மறுபடி குறையலாம், அதை வைத்துப் புதிதாக எதுவும் முடிவெடுக்க வேண்டாம்.